கடல் பெருசுதான் சார், ஆனா…

"உங்க வீக்னஸ் என்ன?" என்று ஹெச்.ஆர் கேட்டால் என்ன சொல்வீங்க? சீனியர்கள் சொல்லிக்கொடுத்த பதில் ரெடியாக இருக்கும். "எடுத்த வேலையை முடிக்காம எனக்குத் தூக்கமே வராது சார்." பலவீனத்தைக் கேட்டால் பலத்தைச் சொல்லிவிட்டு வருவது. அது பதில் இல்லை என்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். இருந்தாலும் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம்.

இதே வித்தையைப் பெரிய கம்பெனிகளின் தலைவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்க ஒரு தொழிலே இருக்கிறது. மீடியா டிரெய்னிங் என்று பெயர். பத்திரிகைக்காரர்களிடமும் டிவிக்காரர்களிடமும் எப்படிப் பேசுவது என்ற பயிற்சி. நமக்கு எதுக்குடா இது, இன்னும் அரியர் கிளியர் பண்ணவே வழியைக் காணோம் என்று நினைக்காதீங்க. உலகத்தின் பெரிய கம்பெனிகளில் உச்சிக்குப் போய், அங்கே மைக் முன்னால் கவிழ்ந்தவர்களில் நம்ம இனத்தார் இருக்கிறார்கள். இன்ஜினியர் இனம்தான் சொல்கிறேன். அவர்கள் கவிழ்ந்த விதத்தில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அந்தப் பயிற்சியில் என்ன நடக்கும் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு மீட்டிங் ரூம், ஒரு கேமரா, கண்ணைக் கூசும் விளக்கு. பல சமயம் முன்னாள் டிவி செய்தியாளர் ஒருவர்தான் வாத்தியார். அவர் காட்டமான கேள்விகளைக் கேட்பார், நீங்கள் உளறுவீர்கள், அதை உங்களுக்கே போட்டுக் காட்டுவார். (நம் குரலை ரெக்கார்டிங்கில் கேட்பதே கொடுமை. முகத்தோடு பார்ப்பது அதைவிட.) பிறகு பாடம். மூணே மூணு செய்தியை மனதில் வைத்துக்கொள், எந்தக் கேள்வி வந்தாலும் அந்த மூணில் ஒன்றுக்கு வந்து சேர். கேள்வியில் இருக்கும் விஷ வார்த்தையை உன் வாயால் திருப்பிச் சொல்லாதே. "நீங்க திருடனா?" என்று கேட்டால் "நான் திருடன் இல்லை" என்று சொல்லாதே, நாளைக்குத் தலைப்பில் திருடன்தான் இருக்கும். செய்தியாளர் பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மௌனத்தை நிரப்பப் போகாதே, அங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள். மைக் ஆஃப் ஆகிவிட்டது என்று ஒருநாளும் நம்பாதே.

இதெல்லாம் நல்ல பாடம்தான். வைவாவுக்குக்கூட உதவும். வில்லங்கம் பிரிட்ஜிங் என்ற அடுத்த பாடத்தில் ஆரம்பிக்கிறது. கேட்ட கேள்வியிலிருந்து நீ பேச விரும்பும் விஷயத்துக்கு ஒரு பாலம் போடுவது. "நல்ல கேள்வி. ஆனா இங்க முக்கியமா பார்க்க வேண்டியது என்னன்னா…" இந்த ஒரு வாக்கியத்தை டிவி விவாதங்களில் எத்தனை தடவை கேட்டிருப்பீங்க! ராபர்ட் மக்னமாரா என்று ஒருவர், ஃபோர்டு கம்பெனியின் தலைவராக இருந்து, பிறகு வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். 2003-ல் வந்த 'தி ஃபாக் ஆஃப் வார்' ஆவணப்படத்தில் இந்த வித்தையை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதே, எந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்று நீ ஆசைப்படுகிறாயோ அதற்குப் பதில் சொல். அவருக்கு அது ரொம்ப நாள் வேலை செய்தது. அந்தப் போர் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, இப்போது நம்ம ஆள் ஒருவரிடம் வருவோம்.

டோனி ஹேவர்டு. புவியியலில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி முடித்துவிட்டு பிபி எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 2007-ல் சிஇஓ ஆனவர். பட்டப்படி பார்த்தால் இன்ஜினியர் இல்லை. ஆனால் பாறையும் எண்களும் பழகிய டெக்னிக்கல் மனிதர், அதனால் நம்ம கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். 2010 ஏப்ரல் 20 இரவு, மெக்சிகோ வளைகுடாவில் பிபிக்காகக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மிதவை மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் கடலடித் தரையில் இருந்த கிணற்றிலிருந்து 87 நாள் எண்ணெய் பீறிட்டுக்கொண்டே இருந்தது.

மே மாத நடுவில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் ஹேவர்டு சொன்னதன் சாரம் இது: மெக்சிகோ வளைகுடா மிகப் பெரிய கடல், அதன் மொத்த நீரோடு ஒப்பிட்டால் நாங்கள் கலக்கும் எண்ணெய் ரொம்பக் கொஞ்சம்.

கால்குலேட்டரை எடுங்க. ஒரு பீப்பாய் 159 லிட்டர். மொத்தம் வெளியேறியது சுமார் 49 லட்சம் பீப்பாய் என்று அமெரிக்க அரசு பின்னால் மதிப்பிட்டது. கிட்டத்தட்ட 7.8 லட்சம் கன மீட்டர். வளைகுடாவில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 24 லட்சம் கன கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஆயிரம் கோடியில் 3 பங்கு வரும். ஆக, ஹேவர்டு சொன்ன கணக்கு சரி. பேப்பரில் எழுதியிருந்தால் ஃபுல் மார்க்.

அதுதான் பிரச்சினையே. அவர் வகுத்தது எதால்? முழுக் கடலால். லூசியானா கரையில் இறாலும் சிப்பியும் பிடித்துப் பிழைக்கிறவர் வகுப்பது எதால்? தன் படகு போகிற அந்தச் சில கிலோமீட்டர் தண்ணீரால். இறந்து போன தொழிலாளியின் வீட்டில் வகுக்க எதுவுமே இல்லை. டினாமினேட்டரை மாற்றினால் விடை மாறும் என்று நமக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் மைக் நீட்டப்பட்டதும், நமக்குச் சௌகரியமான டினாமினேட்டரைத்தான் மனசு எடுத்துப் போடுகிறது. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தலே வராது, ஏனென்றால் பொய் சொல்லவில்லையே!

மே 30-ம் தேதி, அதே லூசியானாவில் கரையோரமாக நின்றுகொண்டு அவர் சொன்ன இன்னொரு வாக்கியம் உலகம் முழுக்கச் சுற்றியது. மக்களுக்கு நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, இது முடியவேண்டும் என்று என்னைவிட விரும்புகிறவர் யாருமில்லை, என் வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டும் என்றார். 11 பேருக்கு வாழ்க்கை திரும்பாது என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றவில்லை. மூணு நாளில் மன்னிப்புக் கேட்டார். ஜூன் 17-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்தபோது, கிணறு சம்பந்தமான அந்த முடிவுகளில் எனக்குப் பங்கில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரெண்டு நாள் கழித்து இங்கிலாந்தில் பாய்மரப் படகுப் போட்டி பார்க்கப் போய்ப் படம் பிடிக்கப்பட்டார். அக்டோபரில் பதவி போயிருந்தது.

அதன்பிறகு நவம்பரில் பிபிசிக்கு அவர் கொடுத்த பேட்டிதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. புவியியலுக்குப் பதில் லண்டனின் புகழ்பெற்ற நடிப்புப் பள்ளியில் பட்டம் வாங்கியிருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம், ஆனால் முடிவு மாறியிருக்குமா என்று தெரியாது என்று சொன்னார்.

அதாவது, தன் குறை நடிப்புக் குறை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. மீடியா டிரெய்னிங் தொழிலும் இதையேதான் நம்புகிறது. பல பயிற்சிகளில் ஹேவர்டு பேட்டியைப் போட்டுக் காட்டி, "இப்படிப் பேசாதீங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் பேச்சில் நிஜமாகவே ஆபத்தாக இருந்த இடம் வேறு. ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் கசிகிறது? முதலில் 1,000 பீப்பாய் என்றார்கள். பிறகு 5,000. கடைசியில் அரசு விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னது 53,000-லிருந்து 62,000 வரை. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! 2012-ல் பிபி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, 11 மரணங்களுக்கான குற்றச்சாட்டுகளோடு இன்னொன்றும் இருந்தது: கசியும் அளவு பற்றி நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் கொடுத்தது, கையிலிருந்த விவரங்களை மறைத்தது. அந்த வழக்கை முடிக்க நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை 450 கோடி டாலருக்குப் பக்கம்.

இதை எந்த நடிப்புப் பள்ளி சரி செய்யும்? எண் தப்பாக இருக்கும்போது குரலை மென்மையாக்கி என்ன பிரயோஜனம்?

அமெரிக்கக் கடல் தூரமாகத் தெரிந்தால் ஹாஸ்டலுக்கே வருவோம். மேகி. 2015-ல் நீங்க பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீங்க, கடையிலிருந்து மேகி காணாமல் போன அந்தச் சில மாதங்கள் ஞாபகம் இருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியை கொல்கத்தா ஆய்வகத்தில் சோதித்ததில் 17.2 பிபிஎம் ஈயம் இருப்பதாக அறிக்கை வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5. மாநிலம் மாநிலமாகத் தடை விழுந்தது, தமிழ்நாட்டிலும் மூணு மாதத் தடை போட்டார்கள். நிறுவனம் தன் தரப்பில் சொன்ன வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? மசாலா பொடியைத் தனியாகச் சோதிக்கக் கூடாது, யாரும் அதைத் தனியாகத் தின்பதில்லை, நூடுல்ஸோடு சேர்த்துச் சாப்பிடும் நிலையில்தான் சோதிக்க வேண்டும்.

மறுபடியும் டினாமினேட்டர்! இதுவும் டெக்னிக்கலாகப் பேச இடமிருக்கிற வாதம்தான். சொல்லப்போனால் சட்டப்படி நிறுவனமே ஜெயித்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, மறுபடி நடந்த சோதனைகளில் பாஸானது, நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. ஆனால் ஜூன் மாதம் ஒரு அம்மா கேட்ட கேள்வி "எதைச் சோதிச்சாங்க?" என்பது இல்லை. "இத்தனை வருஷம் என் பிள்ளைக்குக் கொடுத்தேனே, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்பது. நெஸ்லேயின் உலகத் தலைமை அதிகாரி பால் புல்கே டெல்லிக்கு வந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தது ஜூன் 5-ல். அதற்குள் ஊரெங்கும் பாக்கெட்டுகளைக் கடையிலிருந்து எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அங்கேயும் அவர் சொன்னது, பொருள் பாதுகாப்பானது, குழப்பத்தால் நம்பிக்கை குலைந்ததால் திரும்பப் பெறுகிறோம் என்றுதான். அழிக்கப்பட்ட மேகி 30,000 டன்னுக்கும் மேல்.

போயிங் கதை இன்னும் கசப்பானது. டெனிஸ் மூலன்பர்க் ஏரோ இன்ஜினியர், காலேஜ் படிக்கும்போதே போயிங்கில் இன்டர்னாகச் சேர்ந்து சிஇஓ ஆனவர். நம்ம பிளேஸ்மென்ட் போஸ்டரில் போட வேண்டிய வாழ்க்கை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் ரெண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். ஏப்ரலில் பங்குதாரர் கூட்டத்துக்குப் பிறகு செய்தியாளர்களைச் சந்தித்தபோது, பெரும்பாலான விபத்துகளைப் போல இதுவும் ஒரு நிகழ்வுச் சங்கிலி, எந்த ஒரு காரணத்தையும் தனியே குறை சொல்ல முடியாது என்ற பொருளில் பேசினார். கொஞ்ச நேரத்தில், கேள்விகள் பின்னால் துரத்த, வெளியேறினார்.

ஃபால்ட் ட்ரீ படித்தவர்களுக்கு அந்த வாக்கியத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. விபத்துகள் சங்கிலிதான். ஆனால் அந்தச் சங்கிலியில், விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்கேஸ் என்ற மென்பொருள் ஒரே ஒரு சென்சாரை நம்பி இயங்கியது என்ற கண்ணி இருந்தது. முதல் விபத்து வரைக்கும் பைலட்டுகளின் கையேட்டில் அப்படி ஒன்று இருப்பதே சொல்லப்படவில்லை என்ற கண்ணியும் இருந்தது. மூன்றாம் வருஷ மாணவன் தன் மினி ப்ராஜெக்டில் ஒரே சென்சாரை வைத்து இப்படிச் செய்தால் எக்ஸ்டர்னல் விடுவாரா? அக்டோபரில் அவர் செனட் குழு முன் வந்தபோது, இறந்தவர்களின் குடும்பத்தினர் பின்வரிசையில் படங்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். வெளியே போகும்போது ஒரு தாய் அவரைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கும்போது திரும்பி மக்கள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்றார். திரும்பினார், கேட்டார். அந்த டிசம்பரில் பதவி போனது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எம்பிஏ நண்பர்கள் டைலனால் கதையைக் கொண்டு வருவார்கள். 1982, சிகாகோ, யாரோ ஒருவன் மாத்திரை டப்பாக்களில் சயனைடு கலந்து 7 பேர் இறந்தது, ஜான்சன் அண்ட் ஜான்சன் தலைவர் ஜேம்ஸ் பர்க் 3 கோடிக்கும் அதிகமான டப்பாக்களைத் திரும்பப் பெற்றது, டிவி நிகழ்ச்சிகளில் தானே போய் உட்கார்ந்து பதில் சொன்னது. நல்ல கதைதான், ஆனால் ஹேவர்டோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதில் பாதிக்கப்பட்ட தரப்பு. தப்பே செய்யாதவர் தைரியமாகக் கேமராவைப் பார்ப்பதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் யாரும் அதிகம் சொல்லாத ஒரு சின்ன இடம். எங்கள் தொழிற்சாலையில் சயனைடே கிடையாது என்று நிறுவனம் முதலில் பத்திரிகைகளிடம் சொல்லிவிட்டது. அப்புறம் விசாரித்தால், தரச் சோதனைக்காகக் கொஞ்சம் சயனைடு பயன்படுத்துகிறார்கள். கலப்படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர்களே முன்வந்து, நாங்கள் சொன்னது தவறு, இருக்கிறது என்று திருத்திச் சொன்னார்கள். சங்கடம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதை நம்ப ஒரு காரணம் கிடைத்தது.

இதைத்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறேன். இந்த நிமிஷம் எங்களுக்குத் தெரிந்தது இது. தெரியாதது இது. எப்போது தெரியவரும், யார் சொல்வார்கள் என்பது இது. நேற்றுச் சொன்னதில் தவறு இருந்தால், அந்தத் தவறு இது. ஒரு நாளைக்கு 5,000 பீப்பாய் என்று சொல்வதற்குப் பதில், "அளக்க எங்களிடம் சரியான வழி இன்னும் இல்லை, பல மடங்கு அதிகமாகவும் இருக்கலாம்" என்று மே மாதமே ஒருவர் கேமரா முன் சொல்லியிருந்தால் பங்கு விலை விழுந்திருக்கும். எப்படியும் விழத்தான் செய்தது. ஆனால் எத்தனை கப்பல், எத்தனை தடுப்பு மிதவை வேண்டும் என்று கரையில் இருந்தவர்கள் கொஞ்சம் சரியாகத் திட்டமிட்டிருக்கலாம். பேட்டி என்பது இமேஜ் சமாச்சாரம் மட்டும் இல்லை. எதிர்முனையில் யாரோ அந்தப் பதிலை நம்பி ஒரு முடிவெடுக்கிறார்கள்: இந்தத் தண்ணீரில் வலை வீசலாமா, இந்த நூடுல்ஸை அடுப்பில் போடலாமா, இந்த விமானத்தில் ஏறலாமா என்று.

"அப்படியெல்லாம் பேச வக்கீல் விடமாட்டார்" என்பீங்க. உண்மை. கேமரா முன் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் நாளைக்கு வழக்கில் வந்து நிற்கும். தலைவர்கள் மழுப்புவதற்கு நடிப்புக் குறையைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்க: பிபிக்கு அந்தக் குற்றச்சாட்டு வந்தது உண்மையைச் சொன்னதால் இல்லை. சொல்லாததால். "எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை" என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. அது ஒரு அளவீட்டு அறிக்கை. லேப் ரெக்கார்டில் எரர் எழுதுகிறோமே, அதே மாதிரி.

எழுதுகிறோமா? அங்கேதான் எனக்குக் கவலை. லேப் ரெக்கார்டில் எரர் காலத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்புகிறவர்கள் நாம். வைவாவில் "தெரியாது சார்" என்று சொன்னால் மார்க் போகும், எதையாவது சொல்லி வைத்தால் ரெண்டு மார்க்காவது கிடைக்கும் என்று முதல் செமஸ்டரிலேயே கற்றுக்கொண்டவர்கள் நாம். சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் கை குலுக்குவது எப்படி, டை கட்டுவது எப்படி, வீக்னஸைப் பலமாக மாற்றிச் சொல்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறார்கள். பிரிட்ஜிங்கை யாரும் இருபது வருஷம் கழித்து ஹோட்டல் அறையில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. பட்டம் வாங்கும்போதே அதில் நாம் தேறியிருப்போம்.

அதனால் ஒரு யோசனை. இந்தக் கல்லூரியிலும் தலைவர்கள் இருக்கிறார்கள். சங்கச் செயலாளர்கள், சிம்போசியம் ஒருங்கிணைப்பாளர்கள், மெஸ் கமிட்டி. லட்சக்கணக்கில் இல்லாவிட்டாலும் நம்ம காசு அவர்கள் கையில் புழங்குகிறது. அடுத்த சிம்போசியம் முடிந்த வாரம், நிர்வாகிகளைக் கேமரா முன் உட்கார வைத்து இந்த இதழ் சார்பில் பேட்டி எடுப்போம். பதிவுக் கட்டணம் எவ்வளவு வந்தது, ஸ்பான்சர் பணம் எங்கே போனது, ஜெயித்தவர்களுக்குச் சான்றிதழ் ஏன் இன்னும் வரவில்லை. விதி ரெண்டே ரெண்டு. "நல்ல கேள்வி, ஆனா…" என்று ஆரம்பித்தால் கேள்வியை மறுபடி கேட்போம். "தெரியல, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றால் ஏற்றுக்கொள்வோம், ஆனால் வெள்ளிக்கிழமை கதவைத் தட்டுவோம். மெஸ் கமிட்டி நண்பர்கள் இப்போதே சிரிக்கிறது தெரிகிறது. உங்களுக்குத்தான் முதல் தேதி.

கேள்விகளை இதழின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்க. பதில் சொல்லப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே காட்ட மாட்டோம்.